கேட்டால் தோன்றிவிடுமா?

கேள்வி: என் மகளுக்கு 14 வயது. அவள் பள்ளியில் வளரிளம் பருவத்தினரின் மனநலம் பற்றி ஓர் ஆய்வு நடத்தப்போகிறார்களாம். பெற்றோர் ஒப்புதல் படிவமும் மாதிரிக் கேள்விகளும் வந்திருக்கின்றன. "உன்னை நீயே வேண்டுமென்று காயப்படுத்திக்கொண்டது உண்டா?", "செத்துப்போய்விடலாம் என்று நினைத்தது உண்டா?" என்றெல்லாம் கேட்கிறார்கள். "இல்லாததைக் கேட்டுக் கேட்டே பிள்ளைகள் மனதில் ஏற்றிவிடுவார்கள், கையெழுத்துப் போடாதீர்கள்" என்கிறாள் என் மனைவி. எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. இந்த மாதிரி ஆய்வுகளால் யாருக்கு என்ன லாபம், டாக்டர்? கையெழுத்துப் போடலாமா, வேண்டாமா? வெள்ளிக்கிழமை கடைசி நாள்.

பி.கு.: போன மாதம் அவள் முன்கையில் சில கீறல்களைப் பார்த்தேன். பூனை பிராண்டிவிட்டது என்றாள். எங்கள் வீட்டில் பூனை கிடையாது. நான் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை.

பதில்: உங்கள் கடிதத்தில் கேள்வி மேலே இருக்கிறது, விஷயம் பின்குறிப்பில் இருக்கிறது. என்னைப் பார்க்க வரும் பெற்றோரும் இப்படித்தான். முக்கால் மணி நேரம் மார்க்கைப் பற்றியும் போனைப் பற்றியும் பேசுவார்கள். எழுந்து கதவருகே போன பிறகு, "அப்புறம் டாக்டர், ஒரு சின்ன விஷயம்" என்பார்கள். அந்தச் சின்ன விஷயத்துக்காகத்தான் வந்தே இருப்பார்கள்.

பின்குறிப்புக்கு வருகிறேன். அதற்கு முன் ஒன்று. உங்கள் மகள் சாவதைப் பற்றிப் பேசியிருந்தாலோ, எல்லோரிடமும் விடைபெறுவதுபோல் நடந்துகொண்டாலோ, காயம் ஆழமாக இருந்தாலோ, மாத்திரை எதையாவது விழுங்கியிருப்பாளோ என்ற சந்தேகம் இருந்தாலோ, மீதியைப் பிறகு படித்துக்கொள்ளலாம். அவளைத் தனியே விடாமல், மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்கு இப்போதே அழைத்துப் போங்கள்.

அப்படி எதுவும் இல்லையென்றால், முதலில் உங்கள் மனைவியின் பயத்தை எடுத்துக்கொள்வோம். அதை அறியாமை என்று தள்ள மாட்டேன். ஆய்வு செய்பவர்களுக்கே அந்தப் பயம் நெடுநாள் இருந்தது. ஆய்வுகளுக்கு அனுமதி தரும் நெறிமுறைக் குழுக்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். கேள்வித்தாளில் தற்கொலை என்ற சொல் வந்தாலே, "இதை மட்டும் எடுத்துவிடலாமே" என்று ஒருவராவது சொல்வார். அந்தப் பயத்துக்கு ஆதாரம் உண்டா என்று ஒரு குழு சோதித்தே பார்த்துவிட்டது. நியூயார்க் மாநிலத்தின் 6 உயர்நிலைப் பள்ளிகளில் 2,342 மாணவர்களை மேடலின் கூல்ட் என்ற ஆய்வாளரின் குழு இரண்டாகப் பிரித்தது. ஒரு பாதிக்கு முதல் கேள்வித்தாளில் தற்கொலை பற்றிய கேள்விகள் இருந்தன. மறு பாதிக்கு இல்லை. இரண்டு நாள் கழித்து எல்லோரிடமும் அவற்றைக் கேட்டார்கள். முன்பே கேட்கப்பட்ட பிள்ளைகளிடம் மனக்கலக்கமும் கூடவில்லை, தற்கொலை எண்ணமும் கூடவில்லை. 2005இல் வெளியான அந்த ஆய்வில் என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது வேறொன்று. ஏற்கெனவே மனச்சோர்வில் இருந்த பிள்ளைகளை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால், கேட்கப்பட்டவர்கள் கேட்கப்படாதவர்களைவிடக் குறைவாகவே கலங்கியிருந்தார்கள். அதன்பின் வெவ்வேறு வயதினரிடம் நடந்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் சாய்கின்றன.

சரி, அப்படியானால் உங்கள் மனைவி சொல்வதில் ஒன்றுமே இல்லையா? இருக்கிறது. தன்னைக் காயப்படுத்திக்கொள்ளும் பழக்கம் பிள்ளைகளுக்கிடையே தொற்றும். நெருங்கிய தோழி செய்திருந்தால் இவளும் செய்யும் வாய்ப்பு கூடுகிறது என்று ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. ஆனால் தொற்றுவது "உண்டா?" என்ற கேள்வியிலிருந்து அல்ல. எப்படிச் செய்தார்கள் என்ற விவரம், படம், அதைச் சுற்றிப் பின்னப்படும் ஒரு சோகக் கவர்ச்சி, இவைதான் தொற்றுபவை. ஆகவே உங்களிடம் வந்திருக்கும் மாதிரிக் கேள்விகளை இன்னொரு முறை அந்தக் கண்ணோடு பாருங்கள். முறைகளை வரிசையாக எழுதி டிக் போடச் சொல்லும் கேள்வித்தாள்களும் உண்டு. ஆய்வாளருக்கு அதில் ஒரு வசதி: பட்டியல் கொடுத்தால் பிள்ளைகளுக்கு நினைவு வருகிறது, எண்ணிக்கை கூடுகிறது. ஒற்றைக் கேள்வியாகக் கேட்டால் குறைகிறது. பத்து பேரில் ஒருவர் இப்படிச் செய்கிறார் என்று ஒரு செய்தியும், ஆறு பேரில் ஒருவர் என்று இன்னொரு செய்தியும் வருவதற்கு ஒரு முக்கியக் காரணம் இதுதான். என்ன சொன்னாலும், ஒரு வகுப்பு முழுவதற்கும் கொடுக்கும் தாளில் அந்தப் பட்டியல் இருப்பது எனக்குப் பிடிக்காது. உங்களுக்கு வந்த தாளில் இருந்தால் தயங்காமல் பள்ளியிடம் கேளுங்கள்.

யாருக்கு என்ன லாபம் என்று கேட்டிருந்தீர்கள். மருத்துவமனையில் உட்கார்ந்திருக்கும் என் போன்றவர்களுக்கு, வருகிறவர்களை மட்டும்தான் தெரியும். கீத் ஹாட்டன் என்ற மனநல மருத்துவரும் அவருடைய குழுவினரும் இங்கிலாந்தில் 41 பள்ளிகளுக்கு நேரே போய், 15, 16 வயது மாணவர்கள் 6,020 பேரிடம் கேட்டார்கள். முந்தைய ஓராண்டில் தன்னைக் காயப்படுத்திக்கொண்டவர்கள் 6.9 சதவீதம். அந்தச் சம்பவங்களில் மருத்துவமனைவரை வந்தவை 12.6 சதவீதம், அதாவது எட்டில் ஒன்று. 2002இல் இது வெளியானபோது எங்கள் துறையில் பலருக்குச் சங்கடமாக இருந்தது. மீதி ஏழும் நடந்தது பூட்டிய அறைக்குள். எட்டில் ஒன்றை மட்டும் பார்த்துக்கொண்டு, இந்தப் பிள்ளைகள் இப்படித்தான் என்று நாங்கள் பாடம் எடுத்துக்கொண்டிருந்தோம்.

காலப்போக்கில் என்ன ஆகிறது என்பதும் பள்ளிகளில் தொடங்கிய ஆய்வுகளால்தான் தெரிந்தது. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் 1,943 பிள்ளைகளைப் பதின்வயதிலிருந்து 29 வயதுவரை பின்தொடர்ந்தார்கள். காயப்படுத்திக்கொண்டதாகச் சொன்னவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வளர்ந்த பிறகு அதைச் செய்யவில்லை. மகளை நினைத்துத் தூங்காமல் கிடக்கும் தகப்பனுக்கு இதைவிட நல்ல எண் என்னிடம் இல்லை. ஆனால் பாதியை மட்டும் சொல்லக் கூடாது. அதே ஆட்களை 35 வயதில் மீண்டும் பார்த்தபோது, புகை, போதை, பணக் கஷ்டம், முறிந்த திருமணம் போன்றவை அவர்களிடையே கூடுதலாக இருந்தன. மற்றக் காரணங்களைக் கணக்கில் எடுத்ததும் அந்தத் தொடர்பு மெலிந்தது என்பது வேறு விஷயம். கீறல் தானாக நின்றுவிடலாம். அதற்குக் கீழே இருந்தது தானாகச் சரியாகிவிடும் என்று எடுத்துக்கொள்ள முடியாது.

எனக்கு இன்னும் பிடித்தவை, எதிர்பார்த்தது நடக்காமல் போன ஆய்வுகள். குடும்பத்தோடு உட்கார்ந்து செய்யும் சிகிச்சை கட்டாயம் உதவும் என்று நானே நம்பியிருந்தேன். இங்கிலாந்தில் தன்னைக் காயப்படுத்திக்கொண்ட 832 பிள்ளைகளிடம் சோதித்தார்கள். வழக்கமான சிகிச்சையைவிட அது மறுபடி மருத்துவமனைக்கு வருவதைக் குறைக்கவில்லை என்று 2018இல் முடிவு வந்தது. வகுப்பு முழுவதற்கும் மனக்குவிப்புப் பயிற்சி (மைண்ட்ஃபுல்னெஸ்) கொடுத்தால் மனச்சோர்வு குறையும் என்று பிரிட்டனில் 84 பள்ளிகளில், 8,000க்கும் மேற்பட்ட மாணவர்களோடு ஓர் ஆய்வு நடந்தது. 2022இல் வந்த முடிவு: வழக்கமாகச் சொல்லிக்கொடுப்பதைவிட மேலாக எதுவும் இல்லை. மாறாக, ஐரோப்பாவின் 10 நாடுகளில், 168 பள்ளிகளில், 11,110 மாணவர்களோடு மூன்று வழிகளை ஒப்பிட்டார்கள். ஆசிரியர்களுக்குப் பயிற்சி கொடுப்பது ஒன்று, கேள்வித்தாள் வைத்துக் கண்டறிந்து மருத்துவரிடம் அனுப்புவது ஒன்று, மாணவர்களையே நடித்துப் பார்க்கவும் பேசவும் வைப்பது ஒன்று. ஓராண்டு கழித்துத் தற்கொலை முயற்சிகளைப் பாதியளவுக்குக் குறைத்தது அந்த மூன்றாவதுதான். பெரியவர்கள் கண்காணித்த இரண்டு வழிகளிலும் அப்படிக் குறையவில்லை, பிள்ளைகள் தங்களுக்குள் பேசிய வழியில் குறைந்தது. கேட்காமலும் எண்ணாமலும் இதையெல்லாம் உட்கார்ந்த இடத்தில் யாராலும் யூகித்திருக்க முடியாது.

அதனால் நான் ஆய்வுக்கு எதிரி இல்லை. என் பயம் வேறு இடத்தில் இருக்கிறது. வெகு காலத்துக்கு முன், நான் பயிற்சியில் இருந்தபோது, ஒரு பள்ளிக் கணக்கெடுப்பில் உதவினேன். பெயர் எழுத வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்லியிருந்தோம். நிரப்பிய தாள்கள் கட்டுக் கட்டாக ஓர் அலமாரியில் ஆறு வாரம் கிடந்தன. கணினியில் ஏற்ற ஆள் இல்லை. பிறகு நான்தான் உட்கார்ந்து ஏற்றினேன். ஒரு தாளின் ஓரத்தில் பென்சிலில், சின்ன எழுத்தில், "இதை யாராவது படிப்பீங்களா?" என்று இருந்தது. எல்லாக் கேள்விக்கும் "ஆம்" என்று டிக் போட்டிருந்தது அந்தப் பிள்ளை. எந்த வகுப்பு, பையனா பெண்ணா, எதுவும் தெரியாது. தேட வழியும் இல்லை.

பெயர் இல்லாத ஆய்வு என்றால் பாதுகாப்பானது என்று பல பெற்றோர் நினைக்கிறார்கள். பெயர் இல்லையென்றால் பிள்ளைகள் உண்மையைச் சொல்வார்கள், ஆனால் உண்மையைச் சொன்ன பிள்ளையைக் கண்டுபிடிக்க முடியாது. பெயரோ எண்ணோ இருந்தால் கண்டுபிடிக்கலாம், ஆனால் சிலர் மறைப்பார்கள். இரண்டுக்கும் நியாயம் உண்டு. உங்கள் பள்ளியிடம் கேட்க வேண்டியது, இது எந்த வகை என்பதுதான். அடையாளம் தெரியும் வகை என்றால், தாள்களை யார், எத்தனை மணி நேரத்துக்குள் பார்ப்பார்கள்? "ஆபத்து" என்று தோன்றும் பதில் வந்தால் யாரிடம் சொல்வார்கள், எதை ரகசியமாக வைப்பார்கள், எதை வைக்க மாட்டார்கள்? அந்த எல்லையைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்வார்களா? ரகசியம் என்று சொல்லிவிட்டு மாலையே வீட்டுக்குப் போன் போட்டால், அந்தப் பிள்ளை அடுத்த பத்து வருடத்துக்கு யாரிடமும் வாய் திறக்காது. பெயர் இல்லாத வகை என்றால், அன்றைக்குப் பள்ளியில் பேச ஓர் ஆலோசகர் இருப்பாரா, உதவி எண் எழுதிய சீட்டு எல்லோர் கையிலும் கொடுப்பார்களா? (எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். கேட்டு வாங்க வைத்தால் யாரும் வாங்க மாட்டார்கள்.) பிடிக்காத கேள்வியைத் தாண்டிப் போகலாமா? பக்கத்து இருக்கையிலிருந்து எட்டிப் பார்க்க முடியாதபடி உட்கார வைப்பார்களா? கடைசிக் கேள்வி அற்பமாகத் தெரியும். பிள்ளைகளுக்கு அதுதான் முதல் கேள்வி.

நல்ல குழு என்றால் இவற்றுக்கெல்லாம் பதில் எழுத்தில் வைத்திருக்கும். "அதெல்லாம் பார்த்துக்கொள்வோம்" என்று சொன்னால் கையெழுத்துப் போடாதீர்கள்.

இப்போது பூனை.

வீட்டில் பூனை இல்லை என்பது அவளுக்கும் தெரியும். அவசரத்தில் வாயில் வந்த பொய்யாக இருக்கலாம். "அப்பா இதற்கு மேல் கேட்கிறாரா பார்ப்போம்" என்று பாதி மனதோடு சொன்னதாகவும் இருக்கலாம். எது என்று இங்கிருந்து நான் சொல்ல முடியாது. அது உண்மையிலேயே வேறு எதனாலோ வந்த கீறலாகவும் இருக்கலாம். நீங்கள் கேட்காமல் விட்டதைக் குற்றம் சொல்லவில்லை. கேட்டால் நிஜமாகிவிடும் என்ற பயம் எல்லாப் பெற்றோருக்கும் வரும். உங்கள் மனைவி படிவத்தைப் பற்றிச் சொன்னதும் நீங்கள் கீறலைப் பற்றிக் கேட்காமல் இருந்ததும் ஒரே பயம்தான், கவனித்தீர்களா?

பிள்ளைகள் ஏன் இதைச் செய்கிறார்கள் என்று 7 நாடுகளில் 30,000க்கும் மேற்பட்ட மாணவர்களிடம் கேட்ட ஆய்வு ஒன்று உண்டு. அதிகம் பேர் சொன்ன காரணம், தாங்க முடியாத ஒரு மனநிலையிலிருந்து விடுபட வேண்டும் என்பது. உள்ளே கொதிப்பதை இறக்கிவைக்க வேறு வழி தெரியாதபோது உடம்பின் வலி சற்று நேரம் அதை அடக்குகிறது. அந்தச் சற்று நேரம்தான் பொறி. அடுத்த முறை கொதிக்கும்போதும் கை அங்கேயே போகிறது. "கவனத்தை ஈர்க்கச் செய்கிறார்கள்" என்று ஆசிரியர்களும், ஏன், மருத்துவர்களும்கூடச் சொல்லக் கேட்டிருக்கிறேன். கவனம் வேண்டுமென்றால் பூனை எதற்கு?

இது தற்கொலை முயற்சியும் அல்ல, தற்கொலைக்குச் சம்பந்தமே இல்லாததும் அல்ல. பெரும்பாலோருக்குச் சாகும் எண்ணம் இருப்பதில்லை. ஆனால் இதைச் செய்யும் பிள்ளைகளிடம் பின்னாளில் அந்த ஆபத்து மற்றவர்களைவிடக் கூடுதல். ஆகவே இரண்டையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது? எதிரே உட்கார வைத்து விசாரணை மாதிரி வேண்டாம். நடக்கும்போதோ, ஏதாவது வேலையைச் சேர்ந்து செய்யும்போதோ, முகம் பார்க்க வேண்டிய கட்டாயம் இல்லாத நேரம் நல்லது. "அன்னைக்குப் பூனைன்னு சொன்னே. எனக்கு நம்பிக்கை வரல, ஆனா கேக்கப் பயமா இருந்துச்சு. நீயே பண்ணிக்கிட்டதா இருந்தா எனக்குக் கோபம் இல்லம்மா. என்கிட்ட சொல்லலாம்." இவ்வளவு போதும். அப்புறம் வாயை மூடிக்கொள்ளுங்கள். அந்த மௌனத்தைத் தாங்குவதுதான் கஷ்டம். அவள் ஆமாம் என்றால், கொஞ்சம் கேட்டுவிட்டு, "செத்துப்போயிடலாம்னு தோணுதா?" என்பதையும் அதே குரலில், சுற்றி வளைக்காமல் கேளுங்கள். அந்தக் கேள்வியால் எண்ணம் முளைக்காது என்பதை மேலே பார்த்தோம். தோன்றுகிறது என்றால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும்.

கையைக் காட்டு என்று பிடித்து இழுக்காதீர்கள். இனிமேல் செய்ய மாட்டேன் என்று சத்தியம் வாங்காதீர்கள். அடுத்த முறை செய்தால், சத்தியத்தை மீறிய குற்ற உணர்வும் சேர்ந்துகொண்டு அவள் இன்னும் ஆழமாக ஒளிப்பாள். போனைப் பிடுங்குவது தண்டனையாகத்தான் போய்ச் சேரும். "உனக்கு நாங்க என்ன குறை வெச்சோம்?" என்ற வாக்கியம் நாக்கு நுனிவரை வரும். அங்கேயே நிறுத்திவிடுங்கள். உங்கள் மனைவியிடமும் முன்பே பேசிவிடுங்கள். இருவரும் சேர்ந்து ஒரே நேரத்தில் அவள் முன் உட்கார வேண்டியதில்லை. யாரிடம் அவள் சுலபமாகப் பேசுவாளோ அவர் தொடங்கலாம்.

இல்லை என்று சாதித்தாலும் சண்டை வேண்டாம். "சரி. எப்பத் தோணுதோ அப்ப சொல்லு" என்று விட்டு, நாலைந்து நாள் கழித்து இன்னொரு முறை கேளுங்கள். முதல் முறை கேட்டதும் சொல்கிற பிள்ளைகள் குறைவு.

வீட்டிலிருக்கும் மாத்திரைகளை, தலைவலி மாத்திரை உட்பட, பூட்டி வையுங்கள். ஏன் என்று அவள் கேட்டால் உண்மையைச் சொல்லுங்கள். மிக மோசமான நொடிகள் பெரும்பாலும் வந்த வேகத்தில் கடந்துவிடும்; அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் எதுவும் இல்லாமல் இருப்பது உயிரைக் காக்கும்.

அவள் ஒப்புக்கொண்டால், பிள்ளைகளைப் பார்த்துப் பழகிய மனநல மருத்துவரையோ உளவியலாளரையோ பாருங்கள். ஒரு பகுதி நேரமாவது அவளோடு தனியாகப் பேச வேண்டும் என்று அவரே சொல்வார். நீங்கள் வெளியே உட்காருங்கள். கேள்விகளுக்கு மதிப்பெண் போட்டு, "குறைந்த ஆபத்து, கவலை இல்லை" என்று மட்டும் சொல்லி அனுப்பினால் அதோடு விடாதீர்கள். அப்படிப்பட்ட மதிப்பெண் அட்டவணைகளை வைத்து எதிர்காலத்தைக் கணிக்கக் கூடாது என்று பிரிட்டனின் தேசிய மருத்துவ வழிகாட்டி 2022இல் வெளிப்படையாகவே எழுதிவிட்டது. அரை நூற்றாண்டு ஆய்வுகளை அலசியதில், யார் முயற்சி செய்வார்கள் என்ற கணிப்பு நாணயம் சுண்டிப் பார்ப்பதைவிடக் கொஞ்சம்தான் மேல் என்று தெரிந்தது. அவள் வாழ்க்கையில் என்ன நடக்கிறது என்று நிதானமாகக் கேட்பவர்தான் உங்களுக்கு வேண்டும்: நட்பு, பள்ளியில் கேலி, வீட்டுச் சண்டை, தூக்கம், யாராவது தொந்தரவு செய்கிறார்களா என்பது எல்லாம்.

காயப்படுத்திக்கொள்வதை நிறுத்தவென்றே தனியாக மருந்து எதுவும் கிடையாது. மனச்சோர்வு இருந்தால் அதற்கு மருந்து தேவைப்படலாம். திரும்பத் திரும்பச் செய்யும் பிள்ளைகளிடம் நல்ல ஆதாரம் உள்ளது டி.பி.டி. என்ற பேச்சுச் சிகிச்சை. மார்ஷா லினஹன் என்ற அமெரிக்க உளவியலாளர் பெரியவர்களுக்காக உருவாக்கியதைப் பதின்வயதினருக்கு ஏற்ப மாற்றியிருக்கிறார்கள். நார்வேயில் 77 பேரிடமும் பிறகு அமெரிக்காவில் 173 பேரிடமும் சோதித்ததில் காயப்படுத்திக்கொள்வது குறைந்தது. கொதிக்கும் அந்தப் பத்து நிமிடத்தைக் கடக்கும் வழிகளைச் சொல்லித்தருவதுதான் அதன் சாரம். பெற்றோருக்கும் அதில் வகுப்பு உண்டு, வீட்டுப்பாடம் உட்பட. அந்தச் சிகிச்சை கிடைக்காத இடத்திலும், ஒரே ஆலோசகரிடம் விடாமல் போய்வருவது வீண் போகாது.

கடைசியாகப் படிவம். இதுவரை நீங்களும் மனைவியும் மட்டும்தான் அதைப் பற்றிப் பேசியிருக்கிறீர்கள் என்று கடிதத்திலிருந்து தெரிகிறது. மகளிடம் காட்டுங்கள். 14 வயதுப் பிள்ளையின் சம்மதம் இல்லாமல் பெற்றோர் கையெழுத்து மட்டும் போதும் என்று எந்த நல்ல ஆய்வுக் குழுவும் சொல்லாது. ஆனால் கீறலைப் பற்றிய பேச்சு படிவத்துக்கு முன்னால் நடக்கட்டும். நீங்கள் கேட்கத் தயங்கியதை முன்பின் தெரியாத ஒரு காகிதம் அவளிடம் கேட்பதை நான் விரும்பவில்லை. ஆய்வுக் குழுவின் பதில்கள் உங்களுக்குத் திருப்தியாக இருந்து, அவளும் சரி என்றால், கையெழுத்துப் போடுங்கள். அவள் வேண்டாம் என்றால் "விருப்பம் இல்லை" என்ற கட்டத்தில் டிக் போட்டு வெள்ளிக்கிழமை அனுப்பிவிடுங்கள். காரணம் எழுத வேண்டியதில்லை, யாரும் கேட்கவும் கூடாது.